சரக்கு அனுப்பும் தொழிலில் ஆளாவது: இராமநாதபுரம் கரையோர இளைஞர்களுக்கும் அவர்களை வேலைக்கு வைப்பவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் ஒரு பையன் ‘ஷிப்பிங் வேலை’ என்று சொன்னால், அவன் கப்பலில் ஏறப்போகிறான் என்றே வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். கப்பல் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களுக்கு இந்தக் குழப்பமே முதலீடாக இருக்கிறது. ஊரிலேயே, அல்லது ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் தூத்துக்குடியிலேயே, கரையில் இருந்தபடி செய்யக்கூடிய ஒரு நல்ல தொழில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவே இல்லை. ஒருவருடைய சரக்கை அவருடைய வாசலிலிருந்து எடுத்து, உரிய காகிதங்களோடு சுங்கத்தைக் கடக்கச் செய்து, கப்பலிலோ விமானத்திலோ இடம் பிடித்து, வேற்று நாட்டில் வாங்குபவருடைய கிடங்கு வரை சேர்ப்பிக்கும் அந்தத் தொழிலைத்தான் ஃபார்வர்டிங் என்கிறோம்.

இந்தத் தொழில் செய்பவருக்குச் சொந்தக் கப்பல் இருக்காது. பெரும்பாலும் சொந்த லாரியும் இருக்காது. அவர் விற்பது தம் ஆட்களின் அறிவையும் கவனத்தையும் மட்டுமே. ஆகவே ஆட்களை வளர்க்காத ஃபார்வர்டிங் நிறுவனத்திடம், கடைசியில், வாடகை அறையும் நான்கு கணினிகளும் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

தூத்துக்குடி அலுவலகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சரக்கு தெரியும். நண்டு எத்தனை மணி நேரத்தில் கெடும், வத்தலில் எவ்வளவு ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், மூட்டத்திலிருந்து எடுத்த கரி ஆறாமல் சாக்கில் கட்டினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சில் கற்றுக்கொண்டவை. அவர்களுக்குத் தெரியாதது காகிதம். காகிதத்தைக் கற்றுக்கொடுப்பார் இல்லாததால், அலுவலகத்துக்கும் துறைமுக வாசலுக்கும் இடையே உறைகளைச் சுமந்து ஓடும் பையனாகச் சேர்ந்தவர், பத்து ஆண்டுகள் கழித்தும் அதே பைக்கில் அதே உறையோடு ஓடிக்கொண்டிருக்கிறார். இந்த நிலையை மாற்றுவதற்கான படிகளே இவ்வழிகாட்டியில் உள்ளவை.

முதற்படி: ஒரே ஒரு சரக்கைக் கடைசி வரை பின்தொடருங்கள்

தொழிலைப் பற்றிய பொது விளக்கங்களைப் படிப்பதைவிட, ஒரு சரக்கின் பயணத்தை மனத்தில் முழுமையாக ஓட்டிப் பார்ப்பது மேலானது. நம் மாவட்டத்து முண்டு வத்தலையே எடுத்துக்கொள்வோம். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இராமநாதபுரத்து வியாபாரி ஒருவர் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் வத்தல் அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் வெளிநாட்டு வணிக இயக்குநரகம் தந்த ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண்ணும், ஜி.எஸ்.டி. பதிவும், நறுமணப் பொருள் என்பதால் ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவும் இருக்கவேண்டும். அவருடைய வங்கியின் குறியீடு சுங்கத்தின் ஐஸ்கேட் இணையதளத்தில் பதிவாகியிருக்கவேண்டும். முதல் ஏற்றுமதிக்காரர்கள் பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் தவிப்பார்கள். விலைப்பட்டியலும் மூட்டை விவரப் பட்டியலும் தயாரானவுடன் ஃபார்வர்டர் கப்பல் கம்பெனியிடம் இடம் பதிவு செய்கிறார். காலிக் கன்டெய்னரை எடுத்து, ஓட்டை, ஈரம், பழைய சரக்கின் வாடை ஆகியவற்றைப் பார்த்து, வத்தலை ஏற்றி முத்திரை வைக்கிறார்கள். கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்கும் விதி 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நடைமுறையில் இருப்பதால், அந்த எடைச்சீட்டு இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஏற்றுமதிக்காகச் சுங்கத்துக்குத் தரும் அறிக்கையான ஷிப்பிங் பில் தாக்கலாகிச் சுங்க அதிகாரி ஏற்றுமதிக்கான அனுமதி ஆணையைத் தந்த பிறகு, குறித்த கட்-ஆஃப் நேரத்துக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். கப்பல் புறப்பட்டதும் கப்பல் கம்பெனி ‘பில் ஆஃப் லேடிங்’ தருகிறது. தூத்துக்குடியிலிருந்து புறப்படும் பல பெட்டிகள் சிறு கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன.

இந்தச் சங்கிலியில் பில் ஆஃப் லேடிங் என்ற காகிதத்தின் தன்மையைப் புரிந்துகொண்டவர், பாதித் தொழிலைப் புரிந்துகொண்டவர். அது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. ஏற்றிச்செல்வதற்கான ஒப்பந்தத்தின் சான்று. கூடவே, சரக்கின் மீதான உரிமையைக் கைமாற்றக்கூடிய ஆவணம். ஆகவேதான் அதில் பெயரோ விவரமோ பிழையாக இருந்தால் வங்கி பணம் தர மறுக்கக்கூடும். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் உறுதிக் கடிதத்தின் பேரில் நடக்கும் வியாபாரத்தில், வேறு கெடு சொல்லப்படாவிட்டால் கப்பலேறிய நாளிலிருந்து 21 நாள்களுக்குள் காகிதங்கள் வங்கியில் இருக்கவேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பெயரிலோ முகவரியிலோ நேர்ந்த பிழையைத் திருத்தி வாங்குவதற்குள் அந்த நாள்கள் ஓடிவிடும்.

இரண்டாம் படி: உங்கள் ஊர்ச் சரக்கு ஒன்றில் அடி ஆழம் வரை செல்லுங்கள்

வேலைக்குச் சேர்வதற்கு முன்பே செய்யக்கூடிய பயிற்சி இது. நகரத்துப் பட்டதாரிகளைவிட நம் பிள்ளைகள் முந்தி நிற்கக்கூடிய இடமும் இதுவே. மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்தவர் நண்டையும் கணவாயையும் கடல்பாசியையும் எடுத்துக்கொள்ளலாம். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கத்தவர் வத்தலையும் கரியையும் எடுத்துக்கொள்ளலாம். அதன் சுங்கக் குறியீட்டு எண் என்ன, எந்த நாடு எந்தச் சான்றிதழ் கேட்கிறது, எந்த வெப்பநிலையில் போகவேண்டும், வழியில் எப்படிக் கெடும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நண்டை வைத்தே சொல்கிறேன். உறையவைத்த நண்டு சுங்க அட்டவணையின் 3-ஆம் அத்தியாயத்தில் வரும். வேகவைத்துச் சதை எடுத்து டப்பாவில் அடைத்துப் பாஸ்டரைஸ் செய்த நண்டுச் சதை 16-ஆம் அத்தியாயத்தில் வரும். உயிர் ஒன்றே ஆனாலும் அத்தியாயம் மாறினால் வரி, சலுகை, சான்றிதழ் எல்லாம் மாறுகின்றன. வெப்பநிலையும் அப்படியே. உறையவைத்த சரக்குக்குப் பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி வழக்கம். பாஸ்டரைஸ் செய்த டப்பா உறையவும் கூடாது, 3 டிகிரிக்கு மேலே ஏறவும் கூடாது.

இதில் நான் மறக்காத நிகழ்ச்சி ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த அலுவலகத்தில், ஒரு நண்டு டப்பாச் சரக்குக்கான பதிவில் வழக்கப்படியே மைனஸ் 18 என்று நானே அடித்து அனுப்பியிருந்தேன். நகலைக் கோப்பில் வைக்க வந்த பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர், தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தார். “அண்ணே, இது எங்க அம்மா உடைக்கிற நண்டுதானே? டப்பா நண்டு உறைஞ்சா சதை நாராப் போயிரும்னு கம்பெனியில சொல்லுவாங்களே” என்றார். அவருடைய தாயார் தங்கச்சிமடம் பக்கத்தில் நண்டுச் சதை எடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். பெட்டி இன்னும் துறைமுகம் போய்ச் சேரவில்லை, உடனே திருத்தினோம். அந்தத் தாயின் கைத்தொழில் அறிவு ஒரு முழுக் கன்டெய்னரைக் காப்பாற்றியது. ஆவணப் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று அன்றே அவருக்காகக் கேட்டேன். இன்று அவர் ஓர் அலுவலகத்தின் குளிர்ப்பெட்டிச் சரக்குகள் முழுவதையும் பார்த்துக்கொள்கிறார்.

கரி இதைவிடக் கடுமையான பாடம். சீமைக்கருவேல மரக்கரி நம் மாவட்டத்திலிருந்து பல காலமாகப் போகிறது. கரி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், கடல்வழி ஆபத்துச் சரக்கு விதிகளில் அது 4.2 வகுப்பின் கீழ், ஐ.நா. எண் 1361 என்று வருகிறது. முன்பு ஒரு சோதனைச் சான்றைக் காட்டி அதைச் சாதாரணச் சரக்காக அனுப்ப வழி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வழி அடைக்கப்பட்டு, ஆபத்துச் சரக்கு என்று அறிவித்தே அனுப்பவேண்டும் என்றாகிவிட்டது. மூட்டம் போடுபவரின் மகனோ மகளோ இந்த விதியைக் கற்றுக்கொண்டு, கரியை எத்தனை நாள் ஆறவைக்கவேண்டும், பெட்டிக்குள் மேற்புறம் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று ஊர்ப் பேச்சில் வியாபாரிக்கு விளக்கக்கூடியவராக இருந்தால், அவரைத் தேடிப் பல அலுவலகங்கள் வரும்.

வத்தலில் ஈரமும் அதனால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சும் முதன்மையானவை. ஐரோப்பிய ஒன்றியம் மொத்த அஃப்ளாடாக்சினுக்கு ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. களத்தில் நன்கு காய்ந்த வத்தலும், பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் பெட்டியின் கூரையில் வியர்த்துச் சொட்டும் நீரினால் மேலடுக்கில் பூஞ்சை பிடித்துவிடலாம். ஆகவே ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறார்கள். கடல்பாசியைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. தொண்டி அருகே வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது என்பதால், அந்தச் சரக்கை இப்போதே கற்கத் தொடங்குபவருக்கு அது பயன்படும் என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் படி: படிப்பைச் செலவறிந்து தேர்ந்தெடுங்கள்

இந்தத் தொழிலில் நுழைய எந்தப் பட்டமும் போதும். வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்கும் வங்கிக் காகிதமும் சற்று எளிதாக வரும், அவ்வளவே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுக மேலாண்மை, பன்னாட்டுப் போக்குவரத்து போன்ற மேற்படிப்புகள் உண்டு. வசதியும் மதிப்பெண்ணும் இருந்தால் அது நல்ல வழி. தொழிலில் சேர்ந்த பிறகு படிக்கத் தகுந்தது, 1926-இல் வியன்னாவில் தொடங்கப்பட்ட ஃபார்வர்டர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபியாட்டாவின் டிப்ளமோ. விமானச் சரக்குக்கு, விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான அயாட்டாவின் சரக்குப் பாடங்களும், அதன் ஆபத்துச் சரக்குப் பயிற்சியும் உண்டு. ஆபத்துச் சரக்குப் பயிற்சியை 24 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: வேலைக்குச் சேரும் முன், கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, தனியார் பயிற்சி நிலையம் ஒன்றின் ‘லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ’வுக்குப் பெருந்தொகை கட்டாதீர்கள். ‘நூறு விழுக்காடு வேலை உறுதி’ என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் வேலை என்று கேளுங்கள்; விடை வராது. ஓராண்டு மேசையில் உட்கார்ந்த பிறகு படிக்கும் டிப்ளமோ நெஞ்சில் தங்கும். அதற்கு முன் படிப்பது சுவரில் தொங்கும்.

அதற்குப் பதிலாக மூன்று பழக்கங்களை வீட்டிலேயே பிடியுங்கள். முதலாவது, ஆங்கிலத்தில் ஐந்து வரியில் தெளிவாக மின்னஞ்சல் எழுதுவது. அழகான ஆங்கிலம் வேண்டாம். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எந்தப் பெட்டி, உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்பது ஐயமின்றித் தெரிந்தால் போதும். இரண்டாவது, எக்செல். மூன்றாவது, உலக வரைபடம். எந்தத் துறைமுகம் எந்தக் கடலில் இருக்கிறது, சூயஸ் கால்வாய் வழியாகப் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் ஏன் நாள் கூடுகிறது என்பது தெரியாதவர், வாடிக்கையாளரின் முதல் கேள்விக்கே திணறுவார். தொழிலில் விலை பேசும் பன்னாட்டு விதிமுறைகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 சொற்கள் உண்டு. எஃப்.ஓ.பி., சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப்., எஃப்.சி.ஏ. என்ற நான்கையாவது, சரக்கு எந்தக் கணத்தில் யாருடைய பொறுப்பாக மாறுகிறது என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கத் தெரியும்வரை படியுங்கள்.

நான்காம் படி: முதல் வேலையைச் சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கடினமான அறிவுரை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வீட்டில் எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆயினும், முதல் இரண்டு ஆண்டுகளில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகத் தரும் இடத்தைவிட, எத்தனை வகை வேலையைக் கண்ணில் காட்டுகிறது என்பதே முக்கியம். பெரிய நிறுவனத்தில் ஒழுங்கும் பயிற்சியும் கிடைக்கும். ஆனால் ஒரே வேலையை, சில வேளை ஒரே திரையை, ஆண்டுக்கணக்கில் பார்க்கவேண்டி வரலாம். பத்துப் பேர் வேலை செய்யும் தூத்துக்குடி அலுவலகத்தில் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் தவறான பழக்கங்களும் சேர்ந்தே தொற்றும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதலில் நடுத்தர அலுவலகம், பிறகு பெரியது.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். முதல் ஓராண்டில் என்னை எந்தெந்தப் பிரிவில் வைப்பீர்கள், எனக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருடையது, சுங்கத் தேர்வு எழுத விடுப்பு தருவீர்களா என்ற மூன்றையும் பணிவாகக் கேட்கலாம். கோபிக்கும் முதலாளியிடம் சேராதீர்கள்.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு மாலையும், அன்று எந்தச் சரக்கில் என்ன சிக்கல் வந்தது, யார் எப்படித் தீர்த்தார், எவ்வளவு செலவானது என்று நான்கு வரி எழுதுங்கள். துறைமுகத்திலிருந்து சரக்கை எடுக்கத் தாமதித்தால் வரும் டெமரேஜுக்கும், கப்பல் கம்பெனியின் பெட்டியைத் திருப்பித் தரத் தாமதித்தால் வரும் டிடென்ஷனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. தொழிலில் இரண்டாம் ஆண்டில், இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஓர் இறக்குமதியாளருக்குத் தவறான தொகையைச் சொல்லிவிட்டு, அவர் முகத்தில் கண்ட ஏமாற்றத்தை நோட்டில் எழுதிவைத்ததிலிருந்து கற்றேன்.

ஐந்தாம் படி: மேசை மாறுங்கள்

என்னைப் பொறுத்தவரை இவ்வழிகாட்டியின் நடுமையம் இதுதான். ஒருவரிடம் ஆண்டுகள் சேர்ந்தால் அனுபவம் சேர்ந்துவிட்டது என்று நாம் தவறாக எண்ணுகிறோம். ஒரே ஆண்டைப் பத்து முறை வாழ்ந்தவருக்கு ஓராண்டு அனுபவமே இருக்கிறது.

முதல் ஆறு மாதம் களத்தில் இருங்கள்: துறைமுக வாசல், கன்டெய்னர் நிலையம், சரக்கு ஏற்றும் இடம். வெயிலும் தூசியுமான வேலைதான். ஆனால் பெட்டி எப்படி நிறைகிறது என்று கண்ணால் பார்க்காதவர், பிற்காலத்தில் 20 அடிப் பெட்டிக்குள் ஏறாத சரக்குக்கு விலை சொல்லிவிடுவார். அடுத்த ஒன்றரை ஆண்டு ஆவணப் பிரிவு. இங்கேதான் கவனம் என்ற குணம் உருவாகிறது. ஒரு காகிதத்தைத் தயாரித்த கையோடு அனுப்பாமல், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மற்றொருவருடைய காகிதம்போல் முதலிலிருந்து படிக்கும் பழக்கத்தை இங்கே பிடிக்காவிட்டால் பிறகு வராது.

மூன்றாவது, வாடிக்கையாளரோடு பேசும் பிரிவு. கெட்ட செய்தியை முதலில் சொல்வதே இங்கே கற்கவேண்டிய கலை. கப்பல் தாமதம் என்று காலை பத்து மணிக்குத் தெரிந்தால் பத்தேகாலுக்குள் சொல்லிவிடவேண்டும். மாலையில் வாடிக்கையாளரே கண்டுபிடித்து அழைத்தால், தாமதத்தை மன்னித்துவிடுவார், மறைத்ததை மன்னிக்கமாட்டார்.

நான்காவது, விலை நிர்ணயிக்கும் மேசை. இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள 40 அட்டைப்பெட்டிகளில் வத்தல் இருக்கிறது. ஒவ்வொன்றும் 12 கிலோ. ஒரு பெட்டியின் கனஅளவு 1,20,000 கன செ.மீ., அதாவது 0.12 கன மீட்டர். 40 பெட்டிக்கு 4.8 கன மீட்டர். கடல்வழியில் பிறர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் அனுப்பினால், கன மீட்டரையும் டன்னையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம்: எடை 0.48 டன், கனஅளவு 4.8, ஆகவே 4.8-க்குக் கட்டவேண்டும். விமானத்தில் 6,000 கன செ.மீ. ஒரு கிலோ என்று கொள்வார்கள். அப்போது ஒரு பெட்டி 20 கிலோ, 40 பெட்டி 800 கிலோ. தராசில் 480 கிலோ காட்டும் சரக்குக்கு வியாபாரி 800 கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். இதை முன்னதாகச் சொல்லி, அட்டைப்பெட்டியின் அளவைக் குறைத்து வத்தலை நெருக்கிக் கட்டலாமா என்று வியாபாரியோடு உட்கார்ந்து யோசிப்பவரே உண்மையான ஃபார்வர்டர். வெறும் விலைப்புள்ளி அனுப்புபவர் தபால்காரர்.

விற்பனைப் பிரிவைக் கடைசியில் வைக்கிறேன். நன்றாகப் பேசும் பையனை முதல் மாதமே பையும் வாகனமும் கொடுத்து விற்பனைக்கு அனுப்பும் வழக்கம் தொழிலில் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. தான் விற்பது என்னவென்று தெரியாமல் வாக்குக் கொடுத்து, வாக்குத் தவறி, இரண்டே ஆண்டில் தொழிலை வெறுத்து வெளியேறிய திறமைசாலிகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: சுங்க அட்டைகளை நோக்கி நடங்கள்

ஃபார்வர்டிங் வேறு, பிறருடைய சரக்குக்காகச் சுங்கத்தில் காகிதம் தாக்கல் செய்து கொடுக்கும் சுங்கத் தரகு வேறு. ஆனால் பெரும்பாலான அலுவலகங்கள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன. பிந்தையதற்கு 2018-ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிகள் உண்டு. அவற்றின்படி தரகரிடம் பணிபுரிபவர் குறைந்தது +2 படித்திருக்கவேண்டும். அவருக்குச் சுங்கத் துறை தரும் அடையாள அட்டை மூன்று வகை. தேர்வு எழுதாதவருக்கு ‘ஹெச்’ அட்டை. சுங்க அலுவலகத் தேர்வில் தேறியவருக்கு ‘ஜி’ அட்டை. உரிமத்துக்கான தேர்வில் தேறியவருக்கு ‘எஃப்’ அட்டை. கல்லூரிக்குப் போக முடியாமல் +2-வோடு நின்றவருக்கும் இந்த ஏணியின் முதற்படி திறந்திருக்கிறது என்பதை நம் ஊர்களில் உரக்கச் சொல்லவேண்டும்.

உரிமத் தேர்வுக்கு மட்டும் பட்டம் வேண்டும். அதோடு மேலாண்மை, கணக்கு, சட்டம் போன்ற துறையில் உயர்தகுதியோ, அங்கீகரிக்கப்பட்ட சுங்கப் பணி டிப்ளமோவோ, அல்லது ஜி அட்டையோடு குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவமோ வேண்டும். ஆகவே, +2-வோடு சேர்ந்தவர் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் ஒரு பட்டத்தை முடித்து, ஜி அட்டை வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து உரிமத் தேர்வுக்கு அமரலாம். எழுத்துத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஊகித்து எழுதுபவர் தேறமாட்டார். அதன் பின் வாய்மொழித் தேர்வும் உண்டு. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தையும் அட்டவணையையும் மூலத்திலேயே படியுங்கள். சுருக்கக் கையேடு தேர்வுக்கு முந்திய வாரத்துக்கு மட்டுமே.

படிப்புக்கு நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நம் கரையே ஒரு வழி வைத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல் உணவுச் சரக்கு பார்க்கும் மேசைகளில் அந்த நாள்களில் வேலை தணியும். நான் ஜி அட்டைத் தேர்வுக்குப் படித்தது அப்படியொரு தடைக்காலத்தில்தான்.

ஏழாம் படி: சரக்கின் உடைமையாளர் யார் என்று தெரியாமல் கையெழுத்திடாதீர்கள்

நம் கரைக்கு இது தனியாக வேண்டிய எச்சரிக்கை. கடல் அட்டை என்ற கடலடி உயிரினம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதைப் பிடிப்பதும் விற்பதும் அனுப்புவதும் குற்றம். ‘கருவாடு’ என்ற பெயரில் வரும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை, தெரிந்தவர் சொன்னார், சொந்தக்காரர் சொன்னார் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. ஏற்றுமதியாளரின் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. எண், அடையாளம், அந்த முகவரியில் அவர் உண்மையிலேயே தொழில் நடத்துகிறாரா என்பது ஆகியவற்றைச் சரிபார்ப்பது சுங்கத் தரகரின் சட்டப்படியான கடமை. ஊரில் எல்லாரும் மாமா, மச்சான் உறவாக இருக்கும் இடத்தில் இப்படிக் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். “கேக்கலேன்னா என் கார்டு போயிரும் மாமா” என்று முகம் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். ஒரே ஒரு பொட்டலத்துக்காக அட்டையையும், வழக்கு மன்றப் படியேறிப் பத்து ஆண்டுகளையும் இழந்தவரின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருக்கிறேன்.

எட்டாம் படி: வளைகுடாவுக்குப் போகும் முன்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஊர்களில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தைச் சுற்றி ஃபார்வர்டிங் அலுவலகங்கள் நிறைய உண்டு. ஊரில் மூன்று ஆண்டு மேசை மாறி வேலை பார்த்து, ஃபியாட்டா டிப்ளமோவையோ ஆபத்துச் சரக்குச் சான்றையோ கையில் வைத்துக்கொண்டு போகிறவர் எழுத்தர் நாற்காலியில் உட்காருவார். அவசரப்பட்டு விசிட் விசாவில் போகிறவர் கிடங்கில் மூட்டை தூக்குவார். உடலுழைப்பு இழிவன்று, ஆனால் அங்கிருந்து மேசைக்கு ஏறுவது ஊரிலிருந்து ஏறுவதைவிடக் கடினம்.

முதலாளிகளுக்கு

இதுவரை சொன்னவை வேலைக்கு வருபவருக்கு. இனி வேலை கொடுப்பவருக்கு. பயிற்சி கொடுத்தால் ஆள் வேறிடம் போய்விடுவான் என்ற அச்சத்தில் கற்றுக்கொடுக்காமல் இருப்பவர்கள், கற்காத ஆள் தங்களிடமே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் அடுத்த மேசை எது, எப்போது என்று ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் கட்டட்டும். தவறு நடந்தால் அதைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்; பிடித்தால் அடுத்த தவறு மறைக்கப்படும், மறைக்கப்பட்ட தவறு கப்பல் ஏறிவிடும். தவறுகளை மாதம் ஒருமுறை எல்லாரும் கூடியிருந்து, பெயர் சொல்லாமல், காகிதத்தை மட்டும் நடுவில் வைத்துப் பேசுங்கள்.

பெண்களை ஆவணப் பிரிவோடு நிறுத்திவிடும் வழக்கத்தையும் விடவேண்டும். நண்டுக் கூடத்திலும் பாசி மிதவையிலும் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய்மாரின் மகள்களுக்குத் துறைமுக வாசல் கடினமான இடம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. அவர்களுக்குத் தேவைப்படுவது பாதுகாப்பான வாகனமும், இரவுக் கட்-ஆஃப் நாள்களில் தூத்துக்குடியில் தங்க ஓர் இடமுமே. இரண்டையும் ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு.

சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு

எட்டுப் பத்து ஆண்டு அனுபவம் சேரும் முன் இதை நினைக்காதீர்கள். லாரி, கப்பல் எனப் பல வழிகளில் போகும் முழுப் பயணத்துக்குமான பலவழிப் போக்குவரத்து ஆவணத்தைச் சொந்தப் பெயரில் கொடுக்கவேண்டுமானால் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு செய்யவேண்டும். அதற்கு மூலதன அளவும், குறைந்தது இரண்டு வெளிநாடுகளில் முகவர்களும் வேண்டும். இவையெல்லாம் இல்லாமலும் பிறருடைய ஆவணத்தின் பேரில் சிறிதாகத் தொடங்கலாம்.

புதிய அலுவலகங்களை மூழ்கடிப்பது பெரும்பாலும் கடன். கப்பல் கம்பெனி கையில் பணம் வாங்கிக்கொண்டுதான் பில் ஆஃப் லேடிங்கைத் தரும். வாடிக்கையாளரோ ஒரு மாதம், ஒன்றரை மாதம் தவணை கேட்பார். சரக்கு கூடக்கூடக் கையிலிருக்கும் பணம் குறைந்துகொண்டே வரும் இந்த விந்தையை, தொடங்கும் முன்பே எக்செல் தாளில் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் உறவினருக்கும் தவணை இல்லை என்று முடிவெடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே சரக்கில், அது வத்தலோ நண்டோ கரியோ, ஒன்றிரண்டு நாடுகளுக்கு மட்டும் செய்யுங்கள். அலுவலகத்தை இராமநாதபுரத்தில் வைத்துத் தூத்துக்குடியில் ஒரு நாற்காலி மட்டும் வாடகைக்கு எடுத்தால் செலவு குறையும். மிளகாய் வியாபாரியும் நண்டுக் கம்பெனிக்காரரும் நேரில் வந்து காகிதத்தைக் காட்டிக் கேட்கவும் முடியும். முதல் ஊழியராக, உறைகளைச் சுமந்து துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ தேடி எடுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளும் என்ன என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.